மூன்றாம் சிலிண்டர் இரண்டு முறை தும்மியது: ஒரு பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் காயில் மாற்றிய அனுபவம்

போன நவம்பரில் கொடைக்கானல் மலைப்பாதையில், டம்டம் பாறையைத் தாண்டிய ஒரு வளைவில், இரண்டாம் கியரில் மிதித்தபோதுதான் வண்டி முதல்முறையாக உதறியது. மழை தூறிக்கொண்டிருந்தது. காலைக் கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடும். மறுபடி அழுத்தினால் பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் நாலைந்து உதறல், இழுவையே இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. பக்கத்தில் இருந்த மனைவி, “ஏங்க, உங்க காருக்குச் சளி பிடிச்சிருச்சு போல” என்றார். அப்போது சிரிப்பு வரவில்லை.

வண்டி 2005-ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1,781 சிசி, சிலிண்டருக்கு ஐந்து வீதம் 20 வால்வு, டர்போ, 150 குதிரைத்திறன். நான்கு கதவும் மூட்டை முடிச்செல்லாம் விழுங்கும் டிக்கியும் உள்ள வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நான் மூன்றாவது உரிமையாளர். திருநகரில் வீட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஓடும். அன்று ஓடோமீட்டரில் 1,38,000 கிலோமீட்டர்.

அன்று மேலே போகவில்லை. எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் ‘என்னைக் கவனி’ என்று பொருள். மின்னினால் விஷயம் வேறு: பெட்ரோல் எரியாமலே சைலன்சர் பக்கம் போகிறது, அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும் என்ற எச்சரிக்கை அது. கன்வர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால், பிளக்கில் தீப்பொறி உண்டாக்கும் காயிலின் விலை கடலைமிட்டாய். வண்டியைத் திருப்பி, கியரிலேயே விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வத்தலக்குண்டு வரை இறங்கினேன். அப்படி இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுவதால் எரியாமல் போக எதுவும் இருக்காது. அங்கிருந்து மதுரை வரை 60 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்த லாரிக்காரர்களின் ஹாரன்களோடு.

யோசித்தால், முன்னறிகுறி இரண்டு மாதமாகவே இருந்திருக்கிறது. லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 9-க்கு இறங்கியிருந்தது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலிருந்த ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். அது எல்லாச் சிலிண்டருக்கும் கூடுதலாக ஊற்றும். நானோ பெட்ரோல் பங்கைச் சந்தேகப்பட்டு வேறு பங்குக்கு மாறியிருந்தேன்.

முதல் சுற்று

மறுநாள் காலை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில், கோளாறுக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியதும் இரண்டு குறிகள் வந்தன. பி0300, அதாவது எந்தச் சிலிண்டர் என்று தீர்மானமில்லாத மிஸ் ஃபயர் (பெட்ரோல் எரியாமல் விடுவது). பி0303, மூன்றாம் சிலிண்டரில் மிஸ் ஃபயர். குறி சொல்வது அவ்வளவுதான். காயில் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. பிளக், காயில், ஒயர், இன்ஜெக்டர், வால்வு, எங்காவது காற்றுக் கசிவு, எதுவானாலும் இதே குறிதான் வரும். நிறையப் பேர் இந்த இடத்திலேயே போனை எடுத்து காயில் ஆர்டர் போடுகிறார்கள். நானும் கிட்டத்தட்ட போட்டுவிட்டேன்.

கையை நிறுத்தியது ஒரு கேள்வி. ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐடிலிங்கில் வண்டி தேன்போல் நிற்கிறது, மேட்டில் மிதித்தால்தான் உதறுகிறது, ஏன்?

இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட் அதன் முதல் கம்பிச்சுற்றில் பாய்ந்து காந்தப்புலத்தை ஏற்றும். கம்ப்யூட்டர் சரியான நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும். புலம் சரியும்போது இரண்டாம் கம்பிச்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக் நுனியில் தாவும். தாவுவதற்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: பிளக் நுனியில் உள்ள இடைவெளி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம். டர்போ காற்றை அடைத்து ஏற்றும்போது அழுத்தம் கூடும், வோல்ட்டும் கூடுதலாகக் கேட்கும். பிளக்கின் மேல் செருகும் காயிலின் ரப்பர் கழுத்தில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தால், ஐடிலிங்கில் அமைதியாக பிளக்குக்குப் போகும் மின்சாரம், மேட்டில் சுலபமான வழி பார்த்து விரிசல் வழியாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கசிந்துவிடும். மழைக் காற்றின் ஈரம் அதற்கு இன்னும் கை கொடுக்கும். ஆக, பாரம் ஏறும்போது மட்டும் மிஸ் அடித்தால் சந்தேகம் காயில், பிளக் பக்கமே சாய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் சுற்றில் தேவைப்படும்.

உறுதிப்படுத்த, காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதைவிட மலிவான சோதனை கிடையாது. மூன்றாம் காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கும், ஒன்றை மூன்றுக்கும் மாற்றினேன். (டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது நான்கு. எண்ணத் தொடங்கும் திசையிலேயே தப்பு செய்தவர்கள் உண்டு.) குறிகளை அழித்துவிட்டு, கப்பலூரைத் தாண்டிய நான்குவழிச் சாலையில் நான்காம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்தேன். உதறல் வந்தது. ஓரங்கட்டி ஸ்கேன் செய்தால் பி0301. காயிலோடு சேர்ந்து நோயும் இடம் மாறியிருந்தது. மூன்றாம் காயில் கெட்டது என்பதில் இனி சந்தேகமில்லை.

ஒரு எச்சரிக்கை. அம்பாசடர் காலத்து வழக்கம் ஒன்று இன்னும் நம்மூர்ப் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது: எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கின் தொடர்பையும் பிடுங்கி, எது பிடுங்கினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பது. இங்கே அதைச் செய்யாதீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரான்சிஸ்டர் இந்த காயிலுக்குள்ளேயே இருக்கிறது. தாவ இடமில்லாத உயர் மின்னழுத்தம் உள்ளேயே எதையாவது எரிக்கும், இல்லாவிட்டால் உங்கள் கையைத் தேடி வரும். அதே டிரான்சிஸ்டர் காரணமாக மல்டிமீட்டரில் ஓம் அளந்து இந்த காயிலை நல்லது, கெட்டது என்று சொல்லவும் முடியாது. ஒரு மணிநேரம் வீணாக்கிவிட்டுத்தான் இதை ஒப்புக்கொள்கிறேன்.

காயில் வாங்கும்போது இரண்டு விலை சொன்னார்கள். பெயர் இல்லாத பெட்டியில் ஒன்று 900 ரூபாய், பெயருள்ளது 2,800. இரண்டாவதில் நான்கும், பிளக் நான்கும் வாங்கினேன். நான்கு காயிலையும் மாற்றத்தான் வேண்டுமா என்றால், என் கருத்து: இல்லை. பிளக் என்றால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். காயில் அப்படி அல்ல, சோதனையில் தேறியது ஓடட்டும். நான் மாற்றியதற்குக் காரணம் இருபது வயதை நெருங்கிய பிளாஸ்டிக் மேல் இருந்த அவநம்பிக்கையும், கொஞ்சம் ஆசையும்.

கழற்றிய நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது தொடங்கினேன். காயிலின் ரப்பர் கழுத்து பிளக்கில் ஒட்டிப் போயிருக்கும். கொஞ்சம் சூடு இருந்தால் இளகி வரும். பிளக்கைக் கழற்ற இதற்கு நேர்மாறு: முழுதாக ஆற வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். எனவே காலையில் காயில், இட்லி, அப்புறம் பத்திரிகை, மதியம் பிளக் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன்.

மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் நான்கு காயிலும் வரிசையாகத் தெரியும். என் வண்டியில் அவற்றுக்கு போல்ட் இல்லை, அழுத்திச் செருகியவை. ஒவ்வொன்றின் கனெக்டரிலும் ஒரு சிறிய லாக் இருக்கும். அதை விடுவித்துவிட்டு உருவ வேண்டும். ஒன்று, இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதின் லாக் ‘டிக்’ என்று உடைந்து எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே எங்கோ விழுந்தது. வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளமாகத்தான் இருக்கும். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள், “அப்பா, அது உடையணும்னே இருக்கா?” என்று கேட்டாள். “அது பழசும்மா, பரவாயில்லை” என்றேன். பரவாயில்லை என்று சொன்னதுதான் தப்பு.

காயிலைப் பிடுங்க இருபக்கமும் துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவர் கொடுத்து, சமமாக நெம்பினேன். ஒரே பக்கம் நெம்பினால் தலை தனியாக, கழுத்து தனியாக வரும்.

மூன்றாம் காயிலின் ரப்பர் கழுத்தில் மேலிருந்து கீழாக, பென்சிலில் கோடு போட்டதுபோல ஒரு மெல்லிய கருங்கோடு. மின்சாரம் கசிந்து கசிந்து தானே போட்டுக்கொண்ட கரிப் பாதை அது. ஒருமுறை விழுந்துவிட்டால் துடைத்தாலும் போகாது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதற்கு நேராக ஒரு கோடு. இதற்கும், பீங்கான் கழுத்தைச் சுற்றி வளையமாகப் படியும் பழுப்புக் கறைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வளையக் கறை எல்லா பிளக்கிலும் வரும், அதனால் கேடில்லை. அதைக் காட்டி ‘பிளக் லீக் சார்’ என்று மாற்றச் சொல்வோரும் உண்டு. செங்குத்தான கோடுதான் குற்றவாளி.

பிளக்கைத் தொடுவதற்கு முன் சைக்கிள் பம்பால் குழிக்குள் காற்று அடித்து மண்ணை வெளியேற்றினேன். அப்போதுதான் பார்த்தேன், மூன்றாம் குழியின் அடியில் அரை ஸ்பூன் அளவுக்கு எஞ்சின் ஆயில். அடுத்த ஆச்சரியம் பிளக் இடைவெளி: 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்தால் மூன்றாவதில் 1.1. மற்றவை ஒன்றையொட்டி. பழைய சர்வீஸ் பில்லில் பிளக் மாற்றியதாக எழுதியிருந்தது. நுனியின் தேய்மானத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

இப்போது கதை கூடி வந்தது. அகன்ற இடைவெளி கூடுதல் வோல்ட் கேட்டிருக்கிறது. ஆயிலில் ஊறி உப்பிய ரப்பர் அந்த வோல்ட்டைத் தாங்கவில்லை. காயில் தானாகச் சாகவில்லை, இரண்டு பேர் சேர்ந்து கொன்றிருக்கிறார்கள். இவ்வளவு புரிந்த பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? துணி சுற்றிய குச்சியால் ஆயிலைத் துடைத்துவிட்டு, ‘டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங்கை அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்று மூடிவிட்டேன்.

புதிய பிளக்குகளை ஒரு பெட்ரோல் டியூப் துண்டில் செருகி, விரலாலேயே முதல் சுற்றுகளைத் திருகினேன். மரை மாறினால் டியூப் வழுக்கிக்கொண்டு சுற்றும், அலுமினியத்தை அறுக்காது. பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்சில் 30 நியூட்டன் மீட்டர். மரைக்குக் கிரீஸ் எதுவும் பூசவில்லை; பூசினால் அதே டார்க்கில் பிளக் கூடுதலாக இறுகிவிடும். காயில் கழுத்தின் வாயில் மட்டும் சிலிகான் கிரீஸ் ஒரு விரல் தடவல். உடைந்த லாக்குக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டை போட்டுக் கனெக்டரைக் கட்டினேன். எல்லாம் முடிய மாலை மூன்று. இதில் காயில் மாற்றும் வேலை என்று பார்த்தால் அரைமணி நேரம்கூட இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் ஒரே மூச்சில் பிடித்தது. அன்று மாலை நான்குவழிச் சாலையில் மிதித்துப் பார்த்தால் உதறல் இல்லை, விளக்கு இல்லை. வீட்டுக்கு வந்து ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

இரண்டாம் சுற்று

மூன்று வாரம். விளாச்சேரி ரோட்டில், நடக்கிற வேகத்தில், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு தும்மல். அடுத்த வேகத்தடையில் இன்னொன்று. வீடு வந்து ஸ்கேன் செய்தால் மறுபடி பி0303.

முதலில் வந்த எண்ணம், ‘2,800 ரூபாய் காயில் மூன்று வாரத்தில் போய்விட்டதே, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா’ என்பது. சாப்பிட்டு முடித்து யோசித்தபோதுதான் உறைத்தது. போன தடவை பாரம் ஏறினால் உதறியது, இந்த முறை குலுங்கினால் உதறுகிறது. குறி ஒன்றுதான், ஆனால் நோய் ஒன்றாக இருக்க முடியாது. உயர் மின்னழுத்தக் கசிவுக்கு வேகத்தடை தெரியாது. குலுக்கல் தெரிவது தளர்ந்த தொடர்புக்குத்தான்.

இருந்தாலும் சோதனையை விடவில்லை. மூன்றாம் காயிலை இரண்டுக்கும், இரண்டை மூன்றுக்கும் மாற்றிவிட்டு அதே ரோட்டில் போனேன். பி0303-தான் வந்தது. காயில் நகர்ந்தது, நோய் நகரவில்லை. கடைக்காரர் தப்பித்தார்.

எஞ்சினை ஐடிலில் விட்டு, கனெக்டரைக் கழற்றாமல், காயவைத்த மரக் கரண்டிக் காம்பால் மூன்றாம் காயிலுக்குப் போகும் ஒயர்க் கொத்தை மெல்ல அசைத்தேன். ஒரு பக்கம் சாய்த்தால் எஞ்சின் தடுமாறுகிறது, விட்டால் நிமிர்கிறது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். என் பிளாஸ்டிக் டை சூட்டில் இளகி, கனெக்டர் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் வந்திருந்தது. அதைவிட மோசம், கனெக்டருக்குள் நுழையும் இடத்தில் ஒயரின் மேல்தோல் முறுக்குபோல நொறுங்கி உள்ளே செம்பு தெரிந்தது. அந்த காயிலுக்கு நான்கு ஒயர்: ஒன்றில் 12 வோல்ட், ஒன்றில் கம்ப்யூட்டரின் கட்டளை, மற்ற இரண்டும் எர்த். சாவியை எடுத்துவிட்டு, எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்மின்முனைக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். ஒயர் நேராக இருந்தால் ஓம் ஏறக்குறைய பூஜ்யம். வளைத்தால் தொடர்பே இல்லை. எர்த் இல்லாத காயில் எத்தனை புதுசாக இருந்தால் என்ன?

இந்த ஒயர் முதல் நாளே நொறுங்கிக் கிடந்திருக்க வேண்டும். நான் லாக்கை உடைத்து, ஒயரைப் பிடித்து இழுத்து, முடித்துவைத்தேன்.

கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான்கு புதிய கனெக்டர்களை வாங்கிக்கொண்டு போனேன். பானட்டைத் திறந்ததும் பளபளவென்றிருந்த காயில்களைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாரும் காயில வாங்கி மாட்டிட்டுத்தான் தம்பி இங்கிட்டு வருவாங்க.” ஒரு நேரத்தில் ஒரே ஒயரைத்தான் வெட்டினார், நான்கையும் சேர்த்து வெட்டினால் எது எங்கே என்று தேடவேண்டி வரும். ஒவ்வொரு இணைப்பையும் வேறு வேறு நீளத்தில் வைத்து, கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கும் டியூப் போட்டார். நான் சால்டரிங் பேச்சை எடுத்தேன். “வேணாம் தம்பி, ஈயம் ஏறுன இடத்துல ஒயரு கம்பியாயிரும். ஆட்டத்துல அந்த ஓரத்துலயே ஒடியும்” என்றார். அவர் சொன்னது சரிதான்.

அங்கேயே டேப்பட் கவரையும் கழற்றினோம். இந்த எஞ்சினில் ஓரத்தைச் சுற்றி ஒரு பேக்கிங், நடுவில் பிளக் குழிகளைச் சுற்றித் தனியாக ஒன்று. நடுப் பேக்கிங் கருவாடாய் இறுகியிருந்தது. மூன்று வாரத்தில் குழியில் மறுபடி ஆயில் கசிந்திருந்தது. இரண்டையும் மாற்றி, குழியை ஸ்பிரே போட்டுச் சுத்தம் செய்து, கவர் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 10 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம்.

சோதனைக்கு நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் பக்கத்திலேயே இருந்தது. 2023-இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டர் பாலத்தில் ஏறும்போது பாரம், மேலே இணைப்புகளில் சின்னக் குலுக்கல், இரண்டும் ஒரே ஓட்டத்தில் கிடைத்தன. போய்த் திரும்பினேன். ஸ்கேனரில் ஒன்றும் இல்லை.

கணக்கு

காயில் நான்கு 11,200. பிளக் 2,600. பேக்கிங் செட் 1,900. கனெக்டர் நான்கு 2,400. புதூர் அண்ணனுக்கு 1,200. அவர் ஆயிரம்தான் கேட்டார். மொத்தம் 19,300 ரூபாய். கெட்ட காயிலை மட்டும் மாற்றியிருந்தால், காயில் ஒன்றே ஒன்று வாங்கி 10,900-இல் முடித்திருக்கலாம். மிச்சம் 8,400 என் அவநம்பிக்கைக்கும் ஆசைக்கும் விலை. அதில் கொண்டாடிய ஜிகர்தண்டாவைச் சேர்க்கவில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க ஊரே வைகைக் கரையில் நின்ற அன்று, கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் விடிகாலையிலேயே வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியாக மலைக்குக் கிளம்பினோம். டம்டம் பாறையைத் தாண்டிய அதே வளைவில் இரண்டாம் கியரில் மிதித்தேன். விளக்கு எரியவில்லை. “சளி போயிருச்சா?” என்றார் மனைவி. மைலேஜ் திரும்ப 11-க்கு வந்துவிட்டது.

தேறிய பழைய காயில் மூன்றும் ஒன்று, இரண்டு, நான்கு என்று எண் எழுதி, பனியன் துணியில் சுற்றி டிக்கியில் கிடக்கின்றன. கூடவே ஒரு பிளக் சாக்கெட்டும், பெட்ரோல் டியூப் துண்டும்.